எண்பத்தேழில் ஒரு பங்கு ரயிலுக்கு எவ்வளவு பெயிண்ட் வேண்டும்?

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் பழைய துண்டில் எதையோ சுற்றி எடுத்து வந்தான். பிரித்தால் உள்ளே ஒரு பயணிகள் ரயில் பெட்டி. கரும்பச்சை நிறம், ஜன்னலுக்கு ஜன்னல் கண்ணாடி, தட்டினால் உருளும் சக்கரங்கள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அவனுடைய மாமா வாங்கி வந்தது. “மிஸ், இதை நம்ம ஊர் ரயில் கலருக்கு மாத்தித் தர்றீங்களா?” என்றான்.

எங்கள் பள்ளி தேனாம்பேட்டையில் இருக்கிறது. இங்கே தெருவில் நடந்தால் தண்டவாளம் கண்ணில் படாது. ரயில் பார்க்க மேற்கே மாம்பலத்துக்கோ கோடம்பாக்கத்துக்கோ போக வேண்டும். கிழக்கே போனால் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம். 2018 மே மாதத்திலிருந்து அண்ணா சாலைக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது. அதையும் படியிறங்கிப் போனால்தான் பார்க்க முடியும். அதனாலோ என்னவோ, அந்தப் பெட்டியைச் சுற்றி வகுப்பே கூடிவிட்டது. நானும் யோசிக்காமல் “தர்றேன்” என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. பெயிண்ட் கடையில் என்.சி. தின்னர் வாங்கி, பஞ்சில் நனைத்து, பழைய பச்சை நிறத்தை எடுக்கத் துடைத்தேன். வீட்டு இரும்பு பீரோவுக்குப் பெயிண்ட் அடித்த அனுபவம் கொடுத்த துணிச்சல். பச்சை வந்தது. கூடவே சுவரும் வந்தது. நான்கு ஜன்னல்களின் விளிம்புகள் வெல்லப்பாகு போல இளகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. மாணவன் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டான். மூன்று நாட்கள் என் மேசைப் பக்கம் வரவே இல்லை.

நான்காம் நாள் வகுப்பில் நடந்ததை நானே சொன்னேன். கையில் ஒரு தெர்மாகோல் துண்டும் நகப்பூச்சு நீக்கியும் வைத்திருந்தேன். ஜன்னலோரம் நின்று இரண்டு சொட்டு விட்டதும் தெர்மாகோலில் குழி விழுந்தது. தெர்மாகோல் என்பது காற்றூதிய பாலிஸ்டைரீன். இத்தகைய மாதிரி ரயில்கள் பலவும் அதே பாலிஸ்டைரீனால்தான் வார்க்கப்படுகின்றன. நகப்பூச்சு நீக்கியில் உள்ள அசிட்டோனும், என்.சி. தின்னரில் உள்ள கரைப்பான்களும் அதைக் கரைத்துவிடும். இரும்புக்கு ஒன்றும் ஆகாது, பிளாஸ்டிக்குக்கு ஆகும். கரைப்பானும் கரைபொருளும் பற்றிப் பலமுறை பாடம் நடந்த பள்ளிதான் இது. எனக்குத்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

“அப்போ எதால துடைச்சிருக்கணும் மிஸ்?” மூன்று நாட்களுக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாலிஸ்டைரீனைப் பொதுவாகக் கரைக்காது. அதையும் வெளியே தெரியாத அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும் என்றேன். பழைய பூச்சு கெட்டியாக ஒட்டியிருந்தால் அதை எடுக்கவே தேவையில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. மெல்லிய உப்புத்தாளால் மினுமினுப்பை மட்டும் போக்கிவிட்டு மேலே அடித்தால் போதும்.

கெட்டுப்போன பெட்டியைத் தூக்கிப் போட மனமில்லை. அதைச் சரிசெய்வோம், அதோடு சேர்ந்து நிற்க இன்னும் மூன்று பெட்டிகளை அட்டையில் நாமே செய்வோம் என்று முடிவானது. வாரம் ஒருநாள் கணித மன்றப் பாடவேளை. இரண்டு மாதம் பிடித்தது.

பெட்டி வந்த டப்பாவில் 1:87 என்று அச்சிட்டிருந்தது. “அது என்ன மிஸ் எண்பத்தேழு? ஐம்பதோ நூறோ வெச்சிருக்கக் கூடாதா?” என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. ‘ஓ’ என்றொரு பழைய அளவு உண்டு. நிஜத்தில் ஓர் அடி நீளத்துக்கு மாதிரியில் 7 மி.மீ. அதில் பாதியாக 3.5 மி.மீ. எடுத்துக்கொண்டதால் இதற்குப் ‘பாதி ஓ’ என்ற பொருளில் எச்.ஓ. என்று பெயர். ஓர் அடி என்பது 304.8 மி.மீ. அதை 3.5 ஆல் வகுத்தால் 87.08... வருகிறது. வகுத்துப் பார்த்தவர்களுக்கு அதன்பின் அந்த எண் விநோதமாகத் தெரியவில்லை.

அடுத்து அளவுகள். பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு தொடங்கிவைத்தார். சுவிஸ் நாட்டு நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பை வைத்து அங்கே பெட்டி கட்டத் தொடங்கினார்கள். நாம் பல்லாண்டு பயணம் செய்த அந்தப் பழைய வகைப் பெட்டியின் உடல் நீளம் 21.337 மீட்டர், அகலம் 3.245 மீட்டர். 87 ஆல் வகுத்தால் நீளம் 245 மி.மீ., அகலம் 37 மி.மீ. சார்ட் அட்டையில் வரைந்து, வெட்டி, மடித்து, ஃபெவிகால் வைத்து ஒட்டினோம். ஆறாம் வகுப்பில் விகிதமும் விகிதசமமும் படித்து வந்த பிள்ளைகளுக்கு இது சிரமமாக இல்லை.

தண்டவாளத்தில்தான் ஒரு வேடிக்கை நடந்தது. நம் அகலப்பாதை 1,676 மி.மீ.; அதை 87 ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். மாமா கொண்டு வந்த தண்டவாளத்துண்டு 16.5 மி.மீ.தான் இருந்தது. “தப்பா செஞ்சிருக்காங்க” என்றான் ஒருவன். 16.5ஐ 87 ஆல் பெருக்கச் சொன்னேன். 1,435 வந்தது. அது உலகில் பல நாடுகளில் உள்ள நிலையான பாதையின் அளவு. சென்னை மெட்ரோவின் அளவும் அதுவே. தேனாம்பேட்டையில் நம் காலுக்குக் கீழே கிடக்கும் தண்டவாளத்துக்கு இந்தத் துண்டு மிகச் சரியான மாதிரி. மாம்பலத்தில் கிடப்பதற்குத்தான் குறுகலானது.

எந்த நிறம் அடிப்பது என்பதில் சண்டை வந்தது. ‘நம்ம ஊர் ரயில் கலர்’ என்று கேட்டவனுக்கே அது எது என்று தெளிவாகத் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பாட்டிகள் எல்லாரும் கருஞ்சிவப்பு என்றார்கள். அப்பா அம்மாக்கள் நீலம் என்றார்கள். பிள்ளைகளில் சிலர் சிவப்பும் சாம்பலும் என்றார்கள், சிலர் வந்தே பாரத்தின் வெள்ளை நீலம் என்றார்கள். எல்லாரும் சொன்னது சரிதான். நெடுங்காலம் பயணிகள் பெட்டிகள் கருஞ்சிவப்பில்தான் ஓடின. வெற்றிட பிரேக் போய்க் காற்றழுத்த பிரேக் வந்தபோது, 1990களில், நீலம் பரவியது: உடல் முழுக்க அடர்நீலம், ஜன்னல் வரிசையில் வெளிர்நீலப் பட்டை. 2018இல் ‘உத்கிருஷ்ட்’ என்ற திட்டத்தில் பழைய பெட்டிகள் பல வெளிர்மஞ்சளும் பழுப்புமாக மாறின. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஐ.சி.எஃப். தன் பழைய வடிவப் பெட்டிகளைக் கட்டுவதை நிறுத்திவிட்டு, எல்.எச்.பி. எனும் புதிய வகைக்கு முழுமையாக மாறியது. சிவப்பும் சாம்பலுமாக நாம் பார்ப்பது இவற்றைத்தான். வந்தே பாரத்தும் ஐ.சி.எஃப். பிள்ளைதான், 2019 பிப்ரவரியில் முதலில் ஓடியது.

வந்தே பாரத் கட்சிக்குத்தான் வகுப்பில் ஆதரவு அதிகம். ஆனால் அதன் கூர்மூக்கை அட்டையில் மடிப்பது எப்படி என்று கேட்டதும் கட்சி கலைந்தது. கடைசியில் ஒரே அச்சில் வெட்டிய மூன்று பெட்டிகளுக்கு மூன்று காலத்து நிறங்கள் என்று முடிவானது: கருஞ்சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று, வெளிர்மஞ்சள் பழுப்பு ஒன்று. உடம்பு ஒன்று, சட்டை மூன்று.

பெயிண்ட் அடிக்கக் கற்றுக்கொடுக்க ஒரு மாணவியின் தந்தை வந்தார். கார்களுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்பவர். அட்டைப் பெட்டிகளைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தார். “இப்ப அடிச்சா இந்த மடிப்பெல்லாம் பெருசாத் தெரியும் டீச்சர். பட்டி பார்க்கணும்” என்றார். ஒட்டிய இடங்களில் மெல்லிய பட்டி வைத்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, துணியால் தூசி தட்டி, அதன்மேல் வெளிர்சாம்பல் பிரைமர். இரண்டு வாரம் இதிலேயே போனது. பிள்ளைகளுக்குப் பொறுமையே இல்லை. நிறத்தைத் திறக்கவே விடமாட்டேன் என்கிறாரே என்று முணுமுணுத்தார்கள். பிரைமரின் வேலை இரண்டு. அடியிலுள்ள பரப்பைப் பிடித்துக்கொள்வது ஒன்று, மேலே வரும் நிறம் பற்றிக்கொள்ளச் சொரசொரப்பான இடம் கொடுப்பது மற்றொன்று. அட்டைக்கு இன்னொரு பயனும் உண்டு. பிரைமர் இல்லாவிட்டால் அட்டை நீரைக் குடித்து நெளிந்துவிடும்.

ஸ்ப்ரே செய்ய நான் சம்மதிக்கவில்லை. டப்பாவிலிருந்து வரும் புகைமூட்டத்தைப் பிள்ளைகள் சுவாசிக்கக் கூடாது. தேவைப்பட்ட இடத்தில் அவரே மொட்டை மாடியில் முகக்கவசத்துடன் அடித்துக் கொடுத்தார். அதுவும் அக்டோபர் மழையில் ஒருநாள் கெட்டது. பூச்சு வெள்ளை பூத்துப்போனது. “ஈரக்காத்துல அடிச்சா வெளுத்துடும்” என்றார். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் படிந்து, பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. பானைத் தண்ணீர் குளிர்வதற்கான காரணமும், குளிர்ந்த டம்ளரின் வெளியே நீர் முத்து கோப்பதற்கான காரணமும் ஒரே இடத்தில் சந்தித்த நாள் அது.

பிள்ளைகளின் கையில் கொடுத்தது நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணம் மட்டுமே. வாங்கும்போது ஈயம் இல்லை என்ற குறிப்பைப் பாருங்கள். 2017 நவம்பர் முதல் வீட்டு, அலங்காரப் பூச்சுகளில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பூச்சுகளுக்கு அந்த விதி பொருந்தாது. எனவே பட்டறையில் மிச்சமிருக்கும் பெயிண்டைப் பள்ளிக்குக் கொண்டு வர வேண்டாம்.

இனி, இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய கணக்குக்கு வருகிறேன்.

வண்ணம் எவ்வளவு வாங்குவது? நிஜப் பெட்டியின் இரு பக்கங்களையும் கூரையையும் சேர்த்தால் வெளிப்பரப்பு தோராயமாக 180 சதுர மீட்டர் வருகிறது. ஒரு லிட்டர் பெயிண்ட் 10 சதுர மீட்டரை மூடும் என்று வைத்துக்கொண்டோம். அப்படியானால் ஒரு பூச்சுக்கு 18 லிட்டர். நம் மாதிரிக்கு எவ்வளவு?

“18 லிட்டரை 87 ஆல் வகுக்கணும்” என்று கை தூக்கியவர்களே அதிகம். விடை ஏறக்குறைய 207 மி.லி. ஒரு டம்ளர் நிறைய வண்ணம். அட்டைப் பெட்டியைக் காட்டி, “இதுக்கா?” என்றேன். சிரித்துவிட்டார்கள். ஆனால் எங்கே தவறு என்று சட்டென்று சொல்ல முடியவில்லை. கரும்பலகையில் இதே கணக்கைச் செய்திருந்தால் 207 என்று எழுதி, சரி போட்டு, அடுத்த கணக்குக்குப் போயிருப்போம்.

பெயிண்ட் மூடுவது நீளத்தை அல்ல, பரப்பை. நீளமும் 87 மடங்கு குறைகிறது, உயரமும் 87 மடங்கு குறைகிறது. ஆகவே பரப்பு 87×87, அதாவது 7,569 மடங்கு குறைகிறது. 180 சதுர மீட்டரை அதனால் வகுத்தால் 238 சதுர செ.மீ. ஒரு ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ. இரண்டு அடுக்கு ரயில் நிலையம் போல நீண்டு தெரியும் ஒரு முழுப்பெட்டியின் தோல், ஏ4 தாளில் பாதிகூட இல்லை. நம்பாதவர்கள் வெட்டி வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பெயிண்ட் 2.4 மி.லி. போதும்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பின்வரிசையில் ஒருத்தி, “மிஸ், பெயிண்டோட கனம் குறைய வேணாமா?” என்று கேட்டாள். வகுப்பு அமைதியானது. ஒரு லிட்டரை 10 சதுர மீட்டரில் பரப்பினால் ஈரப்பூச்சின் தடிமன் 0.1 மி.மீ. இது எவ்வளவு என்று உணர்த்த, 100 ஜெராக்ஸ் தாள்களை அடுக்கி அளக்கச் சொன்னேன். கிட்டத்தட்ட 1 செ.மீ. வந்தது, ஒரு தாளின் தடிமன் 0.1 மி.மீ. அந்தத் தடிமனும் 87 மடங்கு குறைய வேண்டுமானால் 18 லிட்டரை மூன்று முறை 87 ஆல் வகுக்க வேண்டும். 6,58,503 ஆல் வகுப்பதற்குச் சமம். விடை 0.027 மி.லி. ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு. ஆக, பெட்டி முழுவதற்கும் அரைச் சொட்டு!

ஒருமுறை வகுத்தால் ஒரு டம்ளர். இருமுறை வகுத்தால் அரைத் தேக்கரண்டி. மும்முறை வகுத்தால் அரைச் சொட்டு. நீளம், பரப்பு, கனஅளவு மூன்றும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதைப் பல ஆண்டுகளாகச் சூத்திரமாகவே சொல்லி வந்திருக்கிறேன். டம்ளரையும் தேக்கரண்டியையும் சொட்டையும் மேசையில் வைத்த பிறகு, மறுவாரம் கேட்டபோதும் பிள்ளைகளுக்கு நினைவிருந்தது.

பிறகு ஊசி இல்லாத சிரிஞ்சால் வண்ணத்தை அளந்து எடுத்து அடித்தோம். ஒரு பூச்சுக்கு ஏறக்குறைய 4 மி.லி. செலவானது. கணக்கில் 2.4தானே வந்தது? பிரஷ்ஷைக் கழுவிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்ததும் மீதி எங்கே போனதென்று அவர்களே சொன்னார்கள்.

அரைச் சொட்டு வண்ணத்தை யாராலும் பெட்டி முழுக்கப் பரப்ப முடியாது. அதனால் மாதிரி ரயிலின் மீது பெயிண்ட் எப்போதும் கூடுதல் தடிமனாகவே இருக்கும். நாம் அடிக்கும் 0.1 மி.மீ. ஈரப்பூச்சை நிஜ ரயில் அளவுக்குப் பெருக்கினால் 8.7 மி.மீ., அதாவது சுவருக்குச் சிமெண்ட் பூசியது போல. கதவின் விளிம்பும் ஜன்னல் சட்டமும் அதற்குள் புதைந்துவிடும். மாதிரி ரயிலுக்கு வண்ணம் அடிப்பவர்கள் நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடுத்தது என்று அடிப்பதற்கு இதுதான் காரணம். “முதல் கோட்டுல அடிப்பக்கம் தெரியணும். தெரியலன்னா கனமா அடிச்சிட்டன்னு அர்த்தம்” என்று அந்தத் தந்தை பிள்ளைகளுக்குச் சொன்னார். எங்கள் கணக்கை அவருக்குக் காட்டினோம். அரைச் சொட்டைக் கேட்டுச் சிரித்தார்.

நீலப் பெட்டியில் இரு நிறங்கள் சந்திக்கும் கோடு நேராக வர வேண்டும். வெளிர்நிறத்தை முதலில் அடிப்பது வழக்கம். அடர்நீலத்தின் மீது வெளிர்நீலம் அடித்தால் அடியிலிருப்பது தெரிந்துகொண்டே இருக்கும், மூன்று நான்கு பூச்சு வேண்டும், தடிமன் கூடும். எனவே ஜன்னல் வரிசையில் வெளிர்நீலம் அடித்து, நன்றாகக் காய்ந்த பின் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மேலும் கீழும் அடர்நீலம். முதல் முயற்சியில் டேப்பை உரித்தபோது கோடு ரம்பப் பல் போல வந்தது. டேப்பின் விளிம்புக்கும் அட்டைக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளியில் வண்ணம் நுண்புழைத் தன்மையால் ஏறிக்கொண்டது. இதற்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் அடியிலுள்ள அதே வெளிர்நீலத்தையே மெல்ல ஒருமுறை தடவிவிட வேண்டும். கசிவதானால் வெளிர்நீலம் வெளிர்நீலத்துக்குள் கசிந்து இடைவெளியை அடைத்துவிடும். பிறகு அடர்நீலம் நுழைய வழியில்லை. எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசை, பாகுநிலை நடத்தும் ஆசிரியர்கள் இதை ஒரு துண்டு அட்டையில் செய்து காட்டலாம்; பெட்டியே வேண்டியதில்லை.

கருஞ்சிவப்புப் பெட்டியில் வேறொரு சிக்கல். பாட்டி ஒருவரிடம் கேட்டு, பழைய புகைப்படம் பார்த்து, சரியாகக் கலந்த நிறம்தான். அடித்து முடித்ததும் பெட்டி கறுத்துத் தெரிந்தது. வில்லிவாக்கம் பக்கம் ஐ.சி.எஃப். ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் நிஜப் பெட்டிகளை வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். நேர்வெயிலின் வெளிச்சம் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். நம் வகுப்பறையில் சில நூறுதான். அதோடு, ஒரே நிறம் சிறு பரப்பில் அடர்த்தியாகவும் பெரிய பரப்பில் வெளிறியும் தெரியும். கார் பெயிண்டருக்கு இது புதிதல்ல: “ஷேடு கார்டுல ஒண்ணு தெரியும், சுவத்துல ஒண்ணு தெரியும்.” நிறத்தை 87 ஆல் வகுக்க வழியில்லை, கண்ணால்தான் சரிசெய்ய வேண்டும். கொஞ்சம் வெள்ளை கலந்தோம். அடிச்சட்டத்துக்குக் கறுப்புக்குப் பதில் கரும்சாம்பல் அடித்தோம். கடைசியாக மினுமினுப்பு இல்லாத வார்னிஷ். சக்கரங்களைச் சுற்றிப் படியும் துருநிறத் தூசுக்குச் செங்கல் தூளும், கூரைக்குச் சாக்பீஸ் தூளும் போதுமானதாக இருந்தன. சாக்பீஸ் தூளுக்கு நம்மிடம் என்ன பஞ்சம்.

ஜன்னல் கம்பியில் தோற்றோம் என்றே சொல்ல வேண்டும். நிஜக் கம்பி 10 மி.மீ. என்று கொண்டால் மாதிரியில் 0.11 மி.மீ., தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். எங்கள் மெல்லிய பேனாக்கோடு 0.3 மி.மீ.; நிஜத்தில் 26 மி.மீ. கம்பிக்குச் சமம். “ஜெயில் மாதிரி இருக்கு மிஸ்” என்றார்கள். தையல் நூலும் தடிமனாகவே தெரிந்தது. ஒரு பெட்டிக்கு மட்டும் கம்பி போட்டோம், மற்ற இரண்டையும் கண்ணாடி மூடியதாக விட்டுவிட்டோம்.

பெட்டி எண் எழுதும்போது ஒரு செய்தி உதவியது. எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் அந்தப் பெட்டி கட்டப்பட்ட ஆண்டைக் குறிக்கும். 98 என்று தொடங்கினால் 1998. கருஞ்சிவப்புப் பெட்டிக்குத் தன் அம்மா பிறந்த ஆண்டை வைத்தாள் ஒருத்தி. அவள் 85 என்று எழுதிய பிறகு, மாம்பலம் போய் வரும் பிள்ளைகள் எல்லாம் பெட்டிகளின் வயதைக் கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

என் தின்னரில் இளகிய பெட்டி என்ன ஆயிற்று? அந்த நான்கு ஜன்னல்களை இனி ஜன்னலாக்க முடியாது. அவற்றை அட்டையால் மூடிப் பட்டி பார்க்கும்போது அந்த மாணவன்தான் சொன்னான், ஜன்னல் குறைவான பெட்டி ரயிலின் கோடியில் இருக்குமே என்று. சாமான் ஏற்றும் இடமும் கார்டு அறையும் கொண்ட பெட்டியைத்தான் அவன் சொன்னான். மூடிய இடத்தில் அகலமான கதவு ஒன்றை வரைந்தான். நீலம் அடித்தான். பின்பக்கச் சுவரில் மஞ்சளில் பெரிய பெருக்கல் குறி போட்டான். கடைசிப் பெட்டியின் முதுகில் இருக்கும் அந்தக் குறியைப் பார்த்துத்தான், வண்டி நடுவில் அறுந்துவிடாமல் முழுமையாக வந்துசேர்ந்தது என்று நிலையத்தில் இருப்பவர்கள் தெரிந்துகொள்கிறார்கள். பக்கத்தில் ‘எல்.வி.’ என்று சிறு பலகையும் தொங்கும். கடைசி வாகனம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்.

மூன்று அட்டைப் பெட்டிகளும் கணித ஆய்வகக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. நான்காவது அவனுடையது, அதே துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு போய்விடுவான். அவன் இப்போது எட்டாம் வகுப்பு. பார்வையாளர்கள் வரும் நாட்களில் ஆளனுப்பிப் பெட்டியைக் கொண்டு வரச் சொல்கிறோம். அது இல்லாமல் ரயிலை வெளியே எடுக்க மற்ற பிள்ளைகள் விடுவதில்லை. பெருக்கல் குறி இல்லாத வண்டியை ஸ்டேஷனில் நிறுத்திவைத்துவிடுவார்களாம்.